ஒக்டோபர் மாதத்தைக் கையாள்வது எப்படி: கொழும்பின் தமிழ்மொழி ஆரம்பப் பிரிவுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரம்பப் பிரிவில் படிப்பிப்பவர்களைக் கேட்டால் தெரியும், ஒக்டோபர் போல நெரிசலான மாதம் வேறில்லை. 1ஆம் திகதி சிறுவர் தினம், அதே நாள் முதியோர் தினம். 6ஆம் திகதி ஆசிரியர் தினம். 9இல் உலக அஞ்சல் தினம், 15இல் கைகழுவும் தினம், 16இல் உணவு தினம். மாதம் முழுவதும் தேசிய வாசிப்பு மாதம். நடுவில் ஒரு போயா விடுமுறை. பெரும்பாலான வருடங்களில் நவராத்திரியும் இதற்குள் வந்துவிடும், சில வருடங்களில் தீபாவளியும் சேரும்.

இவை எல்லாவற்றையும் கொண்டாடப் புறப்பட்டால் என்ன நடக்கும் என்பதைப் பல பாடசாலைகளில் பார்க்கலாம். ஒத்திகையிலேயே பாடவேளைகள் போய்விடும். மேடையில் திரும்பத் திரும்ப அதே பத்துப் பிள்ளைகள் நிற்பார்கள். மற்றவர்கள் கை தட்டுவார்கள். மாத முடிவில் ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும், பெற்றோருக்குக் கை வெறுமையாகியிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் நிகழ்ச்சிகள் இரண்டாம் இடத்துக்குப் போகின்றன. வாரந்தோறும் மாறாமல் நடக்கும் சின்ன வழக்கங்களை முதலில் வைத்து, அவற்றுக்கு இடையில் இரண்டே இரண்டு பெரிய நாட்களை மட்டும் பொருத்தப் போகிறோம்.

செப்டெம்பர் நடுப்பகுதி: நாட்காட்டியும் ஆட்களும்

ஒரு டிமை தாளை எடுத்து ஒக்டோபரின் எல்லா நாட்களையும் கட்டம் போட்டு எழுதுங்கள். முதலில் எதுவும் செய்ய முடியாத நாட்களை வெட்டுங்கள்: சனி, ஞாயிறு, போயா, மேற்பிரிவுக்கு மண்டபம் போயிருக்கும் நாட்கள், வலய மட்டப் போட்டி நாட்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்களா என்றும் கேட்டு வையுங்கள். பெரிய பாடசாலைகளில், ஆரம்பப் பிரிவைப் பொறுத்தவரை, தரம் 1க்கும் தரம் 4க்கும் அது நடக்கும். அந்த நாளில் அந்த இரு தரங்களையும் வேறு எதிலும் மாட்டிவிடக் கூடாது.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைத் திகதியைப் போன வருடத்தைப் பார்த்துக் கணிக்க வேண்டாம். 2023இல் அது ஒக்டோபர் 15இல் நடந்தது. 2024இல் செப்டெம்பர் 15, 2025இல் ஓகஸ்ட் 10. பரீட்சை ஒக்டோபரில் விழுந்தால் மாதத்தின் முதல் பாதி முழுவதும் அந்த வகுப்புகளின் மனம் வேறெங்கோ இருக்கும். "டீச்சர், எங்கட பிள்ளையை இந்த ஒருமுறை மட்டும் விடுங்கோ" என்று அம்மாமார் வந்து நிற்பார்கள். மேடை ஒத்திகையில் இருந்து விட்டுவிடலாம். வாசிப்பு நேரத்தில் இருந்தும் விளையாட்டில் இருந்தும் விட வேண்டாம். நாள் முழுக்க மாதிரி வினாத்தாளோடு இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதினைந்து நிமிடம்தான் மூச்சு விடும் நேரம்.

அடுத்தது வெள்ளைத் தாளில் எழுதப்படாத இரண்டு எல்லைகள். ஒன்று வான். கொழும்பில் நிறையப் பிள்ளைகள் பாடசாலை வானில் வருபவர்கள். வத்தளை, மட்டக்குளி, தெகிவளை என்று சுற்றிப் போகும் வான்காரர் 1.30க்கு மணியடித்த கையோடு புறப்பட்டால்தான் அடுத்த பாடசாலைக்குப் போய்ச் சேரலாம். "பாடசாலை முடிந்து அரைமணி நேரம் ஒத்திகை" என்று அறிவித்தால் வான் பிள்ளைகள் தானாகவே கழன்றுவிடுவார்கள், பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆகவே எல்லாமே 7.30க்கும் 1.30க்கும் இடையில்.

மற்றது மழை. ஒக்டோபர் இடைப்பருவ மழைக்காலம். காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் இடியோடு ஊற்றும். வெளியில் செய்யும் எதையும் 10 மணிக்கு முன் முடிக்கும்படி போட்டால் வெயிலும் அவ்வளவு இல்லை, மழையும் பெரும்பாலும் இல்லை. முற்றம் சிறிதாக உள்ள நகரப் பாடசாலைகளில் தரங்களைப் பிரித்து இரண்டு சுற்றாக விடுவதும் இந்த நேரத்துக்குள் முடியும்.

இனி ஆட்கள். எந்தப் பாடசாலையிலும் எல்லா வேலையையும் தூக்கிச் செய்யும் நான்கைந்து அம்மாமார் இருப்பார்கள். அவர்கள் தெய்வங்கள்தான், ஆனால் அவர்களையே நம்பினால் மற்றப் பெற்றோர் பார்வையாளராகிவிடுவார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் பேசி, வகுப்புக்கு இரண்டு புதியவர்களைக் கேளுங்கள். கேட்கும்போது "உதவி செய்ய வருவீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். "செவ்வாய் காலை 7.45இல் இருந்து 8.15 வரை தரம் 3க்கு ஒரு கதை வாசிக்க முடியுமா" என்று கேட்டுப் பாருங்கள். புறக்கோட்டையில் கடை திறக்கப் போகும் அப்பாகூட அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போவார். இரவு வேலை செய்யும் ஹோட்டல் ஊழியர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள் காலையில் வரக்கூடியவர்கள். அவர்களை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பெற்றோர் கூட்டம் வைப்பதென்றால் சனி காலை. ஞாயிறு அறநெறி வகுப்புக்கும் தேவாலயத்துக்கும் போய்விடும்.

வாரந்தோறும் மாறாத மூன்று

முதலாவது வாசிப்பு: ஒவ்வொரு நாளும் இடைவேளை முடிந்து வந்ததும் பதினைந்து நிமிடம். ஓடி விளையாடிவிட்டு வேர்வையோடு வரும் பிள்ளைகளை அமர்த்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆசிரியரும் அந்த நேரத்தில் வாசிக்க வேண்டும். கொப்பி திருத்தக் கூடாது.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை நுளம்பு வேட்டை. காலைக்கூட்டம் முடிந்ததும் தரம் 3, 4, 5 பிள்ளைகள் சிறு குழுக்களாக ஆசிரியரோடு வளவைச் சுற்றி வருவார்கள். பூச்சாடித் தட்டு, யோகட் கப், மூடியில்லாத வாளி, தண்ணீர்க் குழாயடி, பழைய டயர் எல்லாவற்றையும் பார்த்து, தண்ணீர் தேங்கிய இடங்களை ஒரு தாளில் குறிப்பார்கள். ஏன் வாரம் ஒருமுறை? டெங்கு நுளம்பின் முட்டை, குடம்பியாகிக் கூட்டுப்புழுவாகிப் பறக்கும் நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுக்கும். வாரம் தவறாமல் தண்ணீரைக் கொட்டினால் அது பறக்கும் கட்டத்துக்கு வரவே வராது. மாதத்தில் ஒருநாள் பெரிதாகச் சிரமதானம் செய்து படம் எடுப்பதால் இந்த வேலை ஆகாது. கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் வாழ்க்கை வட்டம் வருகிறது, அங்கேயே பொருத்தலாம். கூரைப் பீலியில் அடைத்திருக்கும் இலைகளும் தண்ணீர்த் தாங்கியும் பெரியவர்கள் பார்க்க வேண்டியவை. பிள்ளைகளை ஏணியில் ஏற்றவே கூடாது. ஒரு குடம்பியைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் காட்டிவிட்டால் அந்த வாரமே வீட்டுப் பல்கனியில் உள்ள பூச்சாடிகளுக்கும் சோதனை வந்துவிடும். காட்டி முடிந்ததும் போத்தலைக் காய்ந்த நிலத்தில் கொட்டிவிட மறக்க வேண்டாம்.

மூன்றாவது, செவ்வாய் சோடி வாசிப்பு. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வாரம்: 1ஆம் திகதியும் 6ஆம் திகதியும்

சிறுவர் தினத்துக்குப் பரிசுப் பொதி, வினோத உடை, கேக் என்று போவது வழக்கம். வினோத உடைப் போட்டியை நான் வைக்கச் சொல்ல மாட்டேன். வாடகை உடுப்புக்குக் காசு கொடுக்கக் கூடிய வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது கொண்டாட்டம். பதிலாக, சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒரே நாளில் வருவதைப் பயன்படுத்துங்கள். அம்மம்மா, அப்பப்பா, பக்கத்து வீட்டு ஆச்சி, யாராக இருந்தாலும் வகுப்புக்கு மூன்று பேரை அழையுங்கள். மேடையும் மாலையும் வேண்டாம். ஒருவர் கொக்கான் வெட்டக் காட்டட்டும், ஒருவர் தாயம், ஒருவர் தான் பள்ளிக்கூடம் போன கதை. முற்றம் இருந்தால் கிளித்தட்டுக்குக் கோடு போடலாம், விதிகளில் சண்டை பிடிப்பது பெரியவர்களாகத்தான் இருக்கும். சில பிள்ளைகளின் தாத்தா பாட்டி யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருப்பார்கள், சிலருக்கு இல்லாமலே இருக்கும். அழைப்புக் கடிதத்தில் "தாத்தா பாட்டி" என்று மட்டும் எழுதாமல் "உங்களுக்குத் தெரிந்த மூத்தவர்" என்று எழுதினால் போதும்.

ஆசிரியர் தினத்தில் காசு சேர்த்துப் பரிசு வாங்குவது வகுப்புகளுக்கு இடையே போட்டியாகிவிடுகிறது. ஒரு வகுப்பு சேலை கொடுத்தால் அடுத்த வகுப்புப் பெற்றோருக்கு அது தலையிடி. அதிபரிடம் முன்கூட்டியே பேசி "பிள்ளைகள் செய்த அட்டை மட்டும்" என்று அறிவித்துவிடுங்கள். பிரிஸ்டல் போர்ட், கிறேப் பேப்பர், கம், மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உபகாரம் வேறு: இரண்டு பாடவேளைக்கு வகுப்புகளைப் பொறுப்பெடுத்து, ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருந்து சூடாறாத தேநீர் குடிக்க விடுவது. ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கு அது வருடத்தில் ஒருமுறை கூடக் கிடைப்பதில்லை. அந்த நேரத்துக்குப் பெற்றோருக்கு ஒரு கதையும் ஒரு விளையாட்டும் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் வகுப்பு சந்தையாகிவிடும். 6ஆம் திகதி விடுமுறையில் விழுந்தால் முதல் நாளோ அடுத்த நாளோ வைக்கலாம்.

வாசிப்பு மாதம்

பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நூலகச் சுவரில் ஒரு பதாகை. வாசிப்பு மாதம் இப்படித்தான் முடிகிறது. இந்தப் போட்டிகளில் வெல்பவர்கள் ஏற்கெனவே வாசிக்கிற பிள்ளைகள். வாசிக்காத பிள்ளை ஒரு பக்கமாவது கூட வாசித்ததா என்பதுதான் மாதத்தின் கணக்காக இருக்க வேண்டும்.

வகுப்புக்கு ஒரு பெட்டியில் இருந்து தொடங்குங்கள். கடையில் கேட்டால் ஒரு பிஸ்கட் கார்ட்டன் கிடைக்கும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு புத்தகத்தை மாதத்துக்கு இரவலாகக் கொண்டு வரட்டும், உள்ளே பெயர் எழுதி. 35 பிள்ளைகள் என்றால் 35 புத்தகம். புத்தகமே இல்லாத வீடுகள் இருக்கும், அவர்களுக்காகப் பாடசாலை நூலகத்தில் இருந்து முன்கூட்டியே பத்துப் பதினைந்தை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். யார் கொண்டு வரவில்லை என்று வகுப்பில் கேட்கவே வேண்டாம். புதிதாக வாங்கப் பணம் இருந்தால் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலைக்கு ஒரு ஆசிரியரும் இரண்டு பிள்ளைகளும் போகட்டும். பிள்ளைகள் தெரிவு செய்த புத்தகம் அலுமாரியில் தூங்காது.

சோடி வாசிப்புக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை காலை தரம் 5 பிள்ளைகள் தரம் 1க்குப் போய் ஒருவருக்கு ஒருவராக இருந்து வாசித்துக் காட்டுவார்கள். தரம் 4, தரம் 2க்கு. தரம் 3க்குப் பெற்றோர் வருவார்கள். சின்னப் பிள்ளைக்கு இதனால் கிடைப்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய பிள்ளைக்குக் கிடைப்பதுதான் முக்கியம். தரம் 4க்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு. அவர்களுக்குத் தேவையானது தரம் 1, 2 மட்டத்துப் புத்தகம். அதை வகுப்பில் கொடுத்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் "தம்பிக்கு வாசித்துக் காட்ட" என்று கொடுத்தால் அவன் திங்கள் இரவு வீட்டில் நாலைந்து தரம் அதையே பயிற்சி செய்துவிட்டு வருவான். யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. சோடிகளை மாதம் முழுவதும் மாற்ற வேண்டாம். இரண்டாவது வாரமே தரம் 1 பிள்ளை இடைவேளையில் தன் அண்ணாவையோ அக்காவையோ தேடிப் போகத் தொடங்கும்.

தரம் 1இல் எழுத்துகளை இப்போதுதான் பிடித்திருப்பார்கள். முந்தின நாள் வீரகேசரியோ தினகரனோ கொடுத்து, தலைப்புகளில் தம் பெயரின் எழுத்துகளைத் தேடி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். செலவில்லை, அரைமணி நேரம் சத்தமும் இல்லை.

9ஆம் திகதி அஞ்சல் தினத்தை இதோடு சேர்த்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்குத் தானே ஒரு கடிதம். எழுதுவதை விட விலாசத்தில்தான் வேடிக்கை. தொடர்மாடியில் இருக்கும் பிள்ளைக்கு லிஃப்ட்டில் அமத்த வேண்டிய இலக்கம் தெரியும், வீட்டு இலக்கம் தெரியாது. கொழும்பின் அஞ்சல் வலயங்களைப் பலகையில் எழுதுங்கள்: பம்பலப்பிட்டி கொழும்பு 4, வெள்ளவத்தை கொழும்பு 6, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13, மட்டக்குளி 15. நகருக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் தபாலகத்தைக் கேட்டு வரட்டும். தொலைந்துபோனால் சொல்ல ஒரு பிள்ளைக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது தன் விலாசம், அதையும் இந்தச் சாக்கில் படித்துவிடுவார்கள். பக்கத்துத் தபாலகத்துக்கு வரிசையாகக் கூட்டிப் போய்த் தாங்களே முத்திரை ஒட்டிப் போட விடுங்கள். எல்லாக் கடிதங்களும் ஒரே நாளில் போய்ச் சேராது. யாருக்கு முதலில் வந்தது என்பதே அடுத்த வாரம் முழுக்கப் பேச்சாக இருக்கும்.

ஒரு பயணம், தூரம் போகாமல்

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வெளியே. அனுராதபுரம் வரை போகும் எண்ணம் வேண்டாம், ஆறு வயதுப் பிள்ளைக்குப் பஸ்ஸில் வாந்தி எடுத்ததுதான் ஞாபகம் இருக்கும். அதிபரூடாக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துமூல சம்மதமும் வேண்டும், இரண்டையும் செப்டெம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.

தரம் 1, 2க்கு தெகிவளை மிருகக்காட்சிசாலை. 1936இல் இருந்து கொழும்புப் பிள்ளைகளின் முதல் சுற்றுலா அதுதான், இதில் புதுமை தேடத் தேவையில்லை. தரம் 3க்கு பெத்தகான ஈரநிலப் பூங்கா. 2018இல் உலகிலேயே முதல்முறையாக ஈரநில நகரங்கள் என்று, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. மழைநீரை உறிஞ்சி வைக்கும் இந்தச் சதுப்பு நிலங்கள் இல்லாவிட்டால் நகரத்தின் தாழ்ந்த தெருக்கள் இன்னும் எத்தனை தரம் வெள்ளத்தில் நிற்கும் என்பதைப் பலகைப் பாதையில் நடத்திக் காட்டியே விளக்கலாம். காலை வெள்ளெனப் போங்கள், பறவைகளும் அப்போதுதான் இருக்கும்.

தரம் 4, 5க்கு கொழும்பு தேசிய நூதனசாலை. 1877இல் திறந்த கட்டடம், எதிரே விகாரமகாதேவி பூங்கா, சாப்பாட்டைப் பிரிக்க நிழலுக்குப் பஞ்சமில்லை. உள்ளே எல்லாக் கூடங்களையும் காட்ட முயன்றால் பிள்ளைகள் வரிசையில் நடந்தது தவிர ஒன்றையும் காண மாட்டார்கள். மூன்று பொருட்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் இருந்து வரைய விடுங்கள். கண்டி அரசர்களின் சிம்மாசனம் ஒன்று. காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இன்னொன்று. சீனக் கடலோடி செங் ஹ கொண்டுவந்து நாட்டிய அந்தக் கல் 1409ஆம் ஆண்டுத் திகதியைத் தாங்கியது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியிலும் எழுத்து உண்டு. எந்தப் பகுதி நம்முடையது என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். தேய்ந்த, பழைய வடிவ எழுத்துகள், உடனே பிடிபடாது. மூன்றாவது பொருளைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும்.

ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரியுங்கள். கழுத்தட்டையில் வெளியே தெரியும்படி பிள்ளையின் பெயர் வேண்டாம், பாடசாலையின் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். இறங்கியதும் முதல் வேலை கழிப்பறை.

நவராத்திரி

இது இரண்டாவது பெரிய நாள் (முதலாவது 1ஆம் திகதி). கடைசி நாளில் மூன்று மணி நேரக் கலைநிகழ்ச்சி வைத்து, சம்மணம் கட்டி இருந்த தரம் 1 பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவதைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம். ஒன்பது நாளும் கையில் இருக்கிறதே. ஒவ்வொரு நாள் காலையும் பதினைந்து நிமிடப் பூசை, ஒரு நாளுக்கு ஒரு வகுப்பு. அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாடுவது, ஒருவர் கதை சொல்வது, நான்கு பேர் கோலம் போடுவது, இருவர் பூக்கட்டுவது. சனி ஞாயிறு போனால் ஐந்து முதல் ஏழு நாள் மிஞ்சும், வகுப்புகள் கூடுதலாக இருந்தால் ஒரே தரத்தின் இரு பிரிவுகளைச் சேர்த்துவிடலாம். கடைசி நாள் நிகழ்ச்சியை ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்துங்கள். பிரதம விருந்தினர் உரை ஐந்து நிமிடம், இதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது மரியாதைக் குறைவல்ல.

தமிழ்மொழி வகுப்பு என்றால் எல்லோரும் இந்துக்கள் அல்லர். கொழும்பில் ஒரே வாங்கில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் இருப்பார்கள். பூசையையும் கலைநிகழ்ச்சியையும் தனித்தனியே வையுங்கள். பூசைக்கு வருவது வீட்டு விருப்பம், வராத பிள்ளைகளுக்கு அந்த நேரம் வாசிப்புப் பெட்டி. கலைநிகழ்ச்சியில் கோலாட்டமோ கும்மியோ பேச்சோ, எல்லோருக்கும் இடம் உண்டு. அவல், கடலை, மோதகம் பங்கிடும்போது படைக்காத ஒரு பங்கை முதலிலேயே புறம்பாக எடுத்து வைத்துவிடுங்கள். பிரசாதம் எடுக்காத வீட்டுப் பிள்ளையும் நண்பனோடு சேர்ந்து சாப்பிடலாம். யாரும் கேட்காமலே இதைச் செய்துவிட்டால் அந்தப் பெற்றோர் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வருவார்கள்.

கைகழுவும் தினம் பெரும்பாலும் இதற்கு முன்போ பின்போ வரும். தனி நிகழ்ச்சி வேண்டாம். குழாயடியில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்த்தாலே அன்றைய வேலை முடிந்தது.

காசு, செய்தி, படம்

வகுப்பில் பிள்ளைகளிடம் காசு சேர்க்க வேண்டாம். பணம் திரட்டுவதற்குக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபக் கட்டுப்பாடுகள் உண்டு. எதுவானாலும் அதிபரின் அனுமதியோடு, அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, பற்றுச்சீட்டோடு.

வட்ஸ்அப்பில் வாரம் ஒரே ஒரு செய்தி, ஞாயிறு மாலை. அதே செய்தியைக் குரல் பதிவாகவும் போடுங்கள். சிங்கள மொழியில் படித்த பெற்றோரும், வாசிக்கச் சிரமப்படும் ஆச்சிமாரும் குழுவில் உண்டு. காலை வணக்கப் பூங்கொத்துகளைத் தடுக்க, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். ஓரிருவர் கோபிப்பார்கள், பரவாயில்லை. பிள்ளைகளின் படங்களை முகநூலில் போட வீட்டாரின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். சம்மதிக்காத பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது என்பது படமெடுப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி வாரம்

புதிதாக ஒன்றும் வைக்காதீர்கள். இரவல் புத்தகங்கள் வீட்டுக்குப் போகட்டும், கார்ட்டன் வகுப்பிலேயே இருக்கட்டும், நூலகத்துப் புத்தகங்களோடு நவம்பரிலும் ஓடும். ஆசிரியர்கள் அரைமணி நேரம் இருந்து வகுப்பு இடாப்பைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே இந்த மாதம் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பாடியது, கோலம் போட்டது, குடம்பி கண்டுபிடித்தது, தம்பிக்கு வாசித்தது. வெறுமையாக நிற்கும் பெயர்களைத் தனியே எடுத்து, ஒளிவிழாவுக்கோ வருட இறுதி நிகழ்ச்சிக்கோ ஆட்களைத் தெரியும்போது அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

வரவு செலவுக் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், மிஞ்சியது நூறு ரூபாய் என்றாலும். டிமை தாள் நாட்காட்டியைச் சுருட்டி எறிய வேண்டாம். எது மழையில் நின்றது, எந்த வான் எத்தனை மணிக்குப் போகிறது, மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் அதிலேயே சிவப்பு மையால் எழுதி, அடுத்த வருடம் பொறுப்பெடுப்பவருக்காகப் பகுதித் தலைவரின் அலுமாரியில் வையுங்கள்.